நாராயண் இறக்கச் சொன்ன சுமை

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக வரும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கள் கன்னிப் பேச்சில் இலக்கியம், கலை, பண்பாடு பற்றிப் பேசுவார்கள் என்பது அவையின் எதிர்பார்ப்பு. 1986-ம் ஆண்டு நியமிக்கப்பட்ட ஆர்.கே. நாராயண், 1989-ம் ஆண்டு தமது கன்னிப் பேச்சுக்காக எழுந்தபோது அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. நாவலைப் பற்றியோ விருதுகளைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார்.

காலையில் தூக்கம் கலையாத குழந்தையைப் படுக்கையிலிருந்து இழுத்து, சீருடை மாட்டி, பொதி ஏற்றி அனுப்பும் வழக்கத்தை அவர் அவையின் முன் விவரித்தார். தட்பவெப்பம் எதுவானாலும் கழுத்துப்பட்டை, காலுறை, கயிறு கட்டும் காலணி ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் பள்ளி விதி பொருளற்ற சடங்கு என்றார். செருப்பே போதுமான வயதில், காலணிக்கு மெருகேற்றுவதும் கயிறு கட்டுவதும் குழந்தைக்குப் பெரும் வேலையாகிவிடுகிறது என்று எடுத்துக்காட்டினார். பை சுமந்து சுமந்து, முதுகு வளைந்து, கைகள் முன்னே தொங்க நடக்கும் பிள்ளைகள் மனிதக் குரங்குகளைப் போல் தோன்றுகிறார்கள் என்று வேதனைப்பட்டார். தேவையானால் அவசரச் சட்டம் கொண்டுவந்தாவது பள்ளிப் பையை ஒழிக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை.

அந்தப் பேச்சு நிகழ்ந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவசரச் சட்டம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குழு வந்தது. ஓர் அறிக்கை வந்தது. ஒரு தனிநபர் மசோதா வந்தது. நீதிமன்ற உத்தரவுகளும், மத்திய, மாநில அரசுகளின் சுற்றறிக்கைகளும் வந்தன. பை மட்டும் பிள்ளைகளின் முதுகை விட்டு இறங்கவில்லை.

தேவராஜ மொஹல்லாவின் காலை

நாராயண் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஊர் மைசூரு. அதன் நடுநாயகமான பகுதிகளுள் ஒன்று தேவராஜ மொஹல்லா. மல்லிகைச் சரமும், குவித்து வைத்த குங்குமமும், வாழைத் தார்களுமாக விடியும் தேவராஜ மார்க்கெட்டும், தசரா ஊர்வலம் செல்லும் சயாஜி ராவ் சாலையும் இப்பகுதியின் அடையாளங்கள். மார்க்கெட்டுக்குச் சுமை இறக்க வரும் வண்டிகளுக்கிடையே, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்களும் ஊர்ந்து செல்லும். உள்ளே இடமில்லாததால் வண்டிக்கு வெளியே கொக்கியில் தொங்கும் பைகள், அவ்வண்டியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எண்ணிச் சொல்லிவிடும்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் கூலி உண்டு. இத்தனை மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் உரிமையும் உண்டு. அதே வீதியில் பை சுமக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த உரிமை கிடையாது. தன் பையில் எதை எடுத்துச் செல்வது, எதை வீட்டில் வைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒரு நோட்டு குறைந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பல பிள்ளைகள் கால அட்டவணையைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துச் சென்றுவிட்டால் திட்டு விழாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம். முதுகு வலியைவிட அவமானம் பெரியது என்று கணக்குப் போடும் வயதல்ல அது. ஆனாலும் அந்தக் கணக்கை அவர்கள் தினமும் போடுகிறார்கள்.

விதியை வெறுத்த எழுத்தாளர்

நாராயணுக்குப் பள்ளி விதிகள்மீது ஏற்பட்ட கசப்பு, மாநிலங்களவைக்கு வந்த பிறகு தோன்றியதல்ல. 1906-ம் ஆண்டு சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். தந்தை மைசூரில் மகாராஜா கல்லூரி உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்ததால் அங்கே சென்று படித்தார். தலைமை ஆசிரியரின் மகனாக இருந்தும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோல்வியுற்று ஓராண்டு வீட்டில் இருக்க நேர்ந்தது. 1930-ம் ஆண்டு மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பின்னர் ஆசிரியர் வேலைக்குச் சென்ற அவர், உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாக மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்படி தலைமை ஆசிரியர் பணித்ததை ஏற்க மறுத்து வேலையையே விட்டுவிட்டார். 1935-ம் ஆண்டு வெளியான அவரது முதல் நாவலான 'சுவாமியும் நண்பர்களும்' கதையிலும் இதே பயிற்சி வகுப்பு வருகிறது. கிரிக்கெட் ஆடுவதற்காகப் பயிற்சி வகுப்புக்கு மட்டம் போடும் சிறுவன் சுவாமிநாதன், தண்டிக்க வந்த தலைமை ஆசிரியரின் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். மால்குடி என்ற கற்பனை ஊருக்கு உலகெங்கும் வாசகர்கள் உண்டு. பள்ளிக்கூடம் குழந்தையிடம் ஏன், எதற்கு என்று சொல்லாமல் கட்டளையிடும் ஓர் இடம் என்பதை அந்த வாசகர்கள் அனைவரும் தத்தம் ஊரில் கண்டிருந்தார்கள் என்பதே அக்கதையின் வெற்றிக்கு ஒரு காரணம்.

யஷ்பால் குழு

நாராயணின் பேச்சு வீண் போகவில்லை என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது. 1992-ம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசு, இயற்பியல் அறிஞர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1993 ஜூலையில் அளிக்கப்பட்ட 'சுமையற்ற கற்றல்' என்ற அக்குழுவின் அறிக்கை, இந்தியக் கல்வி வரலாற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆவணங்களுள் ஒன்று.

பையின் எடையைக் குறைக்க யஷ்பால் குழு சொன்ன வழி எளிமையானது. பாடநூல்களைப் பள்ளியின் உடைமையாகக் கருத வேண்டும். அவற்றை ஒவ்வொரு குழந்தையும் விலைக்கு வாங்கித் தினமும் வீட்டுக்குச் சுமந்து வரத் தேவையில்லை. வீட்டுப்பாடத்துக்கும் நூல்களின் பயன்பாட்டுக்கும் தனிக் கால அட்டவணை வகுத்துப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மழலையர் பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்துவதைக் கைவிட வேண்டும் என்றும் கூறியது.

ஆனால் அறிக்கையின் சாரம் வேறொன்று. முதுகில் ஏறும் சுமையைவிட, புரியாமலே மனப்பாடம் செய்வதால் மனத்தில் ஏறும் சுமையே கொடியது என்று யஷ்பால் குழு கருதியது. பாடத்தின் பளுதான் பையின் பளுவாக வெளியே தெரிகிறது என்பது அதன் முடிவு. 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் யஷ்பால் தலைமையிலேயே உருவாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. அவர் 2017-ம் ஆண்டு மறைந்தார். நாராயண் 2001-ம் ஆண்டே மறைந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மசோதா

இந்தப் பிரச்சினை நாடாளுமன்றத்துக்கு மீண்டும் வந்தது 2006-ம் ஆண்டு. குழந்தைகளின் பள்ளிப் பைகளின் எடைக்கு வரம்பு விதிக்கும் மசோதா ஒன்று மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் மையக் கருத்து. பள்ளியிலேயே நூல்களை வைத்துப் பூட்டிக்கொள்ள அலமாரி வசதி செய்து தரவேண்டும் என்றும் அது கோரியது. மசோதா சட்டமாகவில்லை.

அவை நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் நேரம். அந்நேரத்தில் உறுப்பினர்கள் பலர் தொகுதிக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அமைச்சர் விளக்கம் அளித்ததும், மசோதாவைக் கொண்டுவந்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே மரபாகிவிட்டது. நாடு விடுதலை பெற்றபின் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ம் ஆண்டு. பள்ளிப் பை மசோதாவைப் போலப் பல நல்ல யோசனைகள் அவைக் குறிப்பேடுகளில் மட்டும் வாழ்கின்றன.

கல்வி, 1976-ம் ஆண்டின் 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதனால் மத்திய அரசு மாநிலங்களைக் கைகாட்டுவதும், மாநிலங்கள் பள்ளி நிர்வாகங்களைக் கைகாட்டுவதும் எளிதாகிவிட்டது. நிர்வாகங்கள் பெற்றோரைக் கைகாட்டும். பெற்றோர் கைகாட்ட, பிள்ளையைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

நீதிமன்றமும் சுற்றறிக்கையும்

2018-ம் ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்றும், பை எடையைக் குறைக்க வழிமுறை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். குழந்தைகள் பளுதூக்கும் வீரர்கள் அல்லர் என்ற பொருளில் அவர் கூறிய கருத்து அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், முதலிரு வகுப்புகளுக்குப் பையின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும், பத்தாம் வகுப்புக்கு 5 கிலோதான் உச்சவரம்பு என்றும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

2019-ம் ஆண்டு கர்நாடக அரசும் ஆணை பிறப்பித்தது. முதலிரு வகுப்புகளுக்கு 1.5 முதல் 2 கிலோ, 3 முதல் 5-ம் வகுப்பு வரை 2 முதல் 3 கிலோ, 6 முதல் 8 வரை 3 முதல் 4 கிலோ, 9, 10-ம் வகுப்புகளுக்கு 4 முதல் 5 கிலோ என்று அந்த ஆணை வரம்பு வகுத்தது. மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையைப் பையில்லா நாளாகக் கொண்டாட வேண்டும் என்றும் கூறியது. அந்நாளுக்கு 'சம்பிரம சனிவார' என்று பெயர் சூட்டப்பட்டது. கொண்டாட்டச் சனிக்கிழமை என்பது அதன் பொருள். நான்கே ஆண்டுகளில், 2023 ஜூனில், பை எடை வரம்பைப் பின்பற்றும்படி கல்வித்துறை மீண்டும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் ஆணை எந்த அளவுக்குப் பின்பற்றப்பட்டது என்பதற்கு இரண்டாவது சுற்றறிக்கையே சாட்சி.

இதற்கிடையே 2020-ம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, உடல் எடையில் 10 சதவீதம் என்ற பழைய அளவுகோலை மீண்டும் வலியுறுத்தியது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்றது. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் தண்ணீர்ப் புட்டியைச் சுமக்கத் தேவையில்லை என்பதையும் நினைவூட்டியது.

இந்தக் கடைசி வரி சிறியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஏறத்தாழ 20 கிலோ எடை இருக்கும் என்று கொண்டால் அது சுமக்கத் தக்கது 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பள்ளியில் நம்பிக் குடிக்கும்படியான தண்ணீர் இல்லையென்றால், புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே அனுமதிக்கப்பட்ட சுமையில் பாதி தீர்ந்துவிடுகிறது. மீதியில் வெறும் பையின் எடை போக, சாப்பாட்டு டப்பாவின் எடை போக, பாடநூலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பள்ளி நிர்வாகங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரு வகை விதிகள்

ஆணைகள் இத்தனை இருந்தும் பை இறங்காததற்குக் காரணம் தேடினால் ஓர் உண்மை தெளிவாகிறது. நம் பள்ளிகளில் இரு வகை விதிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, பிள்ளைகள்மீது பள்ளி விதிக்கும் விதி. மற்றொன்று, பிள்ளைகளுக்காகப் பள்ளிகள்மீது அரசு விதிக்கும் விதி.

முதலாவது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. ஆனால் முதல் மணி அடித்த ஐந்தாவது நிமிடத்தில் நிறைவேற்றப்படும். நோட்டு கொண்டுவராதவன் எழுந்து நிற்பான். காலணிக்கு மெருகேற்றாதவள் வரிசையிலிருந்து பிரிக்கப்படுவாள். நாட்குறிப்பில் கையெழுத்து இல்லாதவன் தலைமை ஆசிரியர் அறைக்குப் போவான். இரண்டாவது வகை விதி அரசாணையாக அச்சிடப்பட்டு முத்திரையும் குத்தப்பட்டது. ஆயினும் அதை மீறிய பள்ளியை யாரும் எழுப்பி நிறுத்துவதில்லை. நான்காண்டுகள் கழித்து இன்னொரு சுற்றறிக்கை வரும், அவ்வளவே.

சட்டம் இல்லாத விதியைக் குழந்தை மீது ஏவலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1986-ம் ஆண்டிலேயே எதிர்கொண்டது. கேரளத்தில் 'யெகோவாவின் சாட்சிகள்' சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள்; ஆனால் தம் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் ஆகியோர் அளித்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாடியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. துறையின் சுற்றறிக்கைகளுக்குச் சட்டத் தகுதி கிடையாது. அவற்றைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்க இயலாது என்று கூறிய நீதிபதிகள், பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டனர்.

பிரம்பும் இப்படித்தான் சட்டத்தின் முன் தோற்றது. தில்லி பள்ளிகளில் அடித்துத் தண்டிக்க இடமளித்த விதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2000-ம் ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் நாடு முழுவதும் தடை செய்தது. ஒரு நோட்டு குறைந்ததற்காகக் குழந்தையை வகுப்பின் முன் அவமானப்படுத்துவது இப்பிரிவின் கீழ் வருமா என்பதைப் பள்ளிகள் யோசித்துப் பார்ப்பது நல்லது.

உடை பற்றிய கேள்வி

எல்லா விதிகளும் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்குக் கர்நாடகமே சான்று. 2022 பிப்ரவரி 5-ம் தேதி மாநில அரசு பிறப்பித்த சீருடை ஆணையை ஒட்டி, தலையில் முக்காடு அணிந்து வந்த முஸ்லிம் மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அந்த மாதமே மைசூரில் ஒரு தனியார் கல்லூரி தனது சீருடை விதியையே நீக்கி மாணவிகளை வகுப்புக்குள் அனுமதித்தது. மார்ச் 15-ம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்தது. அக்டோபர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். சீருடையின் நோக்கம் சமத்துவம் என்ற அடிப்படையில் நீதிபதி ஹேமந்த் குப்தா ஆணையை ஏற்றார். பெண் பிள்ளையின் கல்வியை மறுப்பதால் அவள் வாழ்வு மேம்படுமா என்ற கேள்வியை முன்வைத்து நீதிபதி சுதான்ஷு துலியா அதை நிராகரித்தார்.

இவ்விரு கருத்துகளில் எது சரி என்று வாதிடுவோர் இரு பக்கமும் உண்டு. ஆனால் வாதம் நடந்த மாதங்களில் வகுப்பையும் தேர்வையும் இழந்தவர்கள் வாதிட்டவர்கள் அல்லர், மாணவிகள். விதி சரியா தவறா என்று பெரியவர்கள் முடிவு செய்யும் வரை அதன் விலையைப் பிள்ளைகளே கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் பேசியபோது

ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது அதன் 12-வது பிரிவு. பள்ளியின் ஒழுங்குமுறை குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 28-வது பிரிவு. யஷ்பால் குழு அமைந்ததும் அதே ஆண்டுதான்.

அந்த உரிமையை யாரும் வழங்காததால் தாமே எடுத்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. 2016 ஆகஸ்டில், மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூரில், ஏழாம் வகுப்பு மாணவர்கள் இருவர் செய்தியாளர்களைக் கூட்டி பேட்டி அளித்தனர். எட்டு பாடவேளைகளுக்காகத் தினமும் 16-க்கும் மேற்பட்ட புத்தகங்களையும் நோட்டுகளையும் சுமந்து மூன்றாம் மாடி ஏறுவதாகவும், பள்ளியிடம் முறையிட்டும் பலனில்லை என்றும் கூறினர். நிலைமை மாறாவிட்டால் உண்ணாவிரதம் இருக்கப்போவதாகவும் அறிவித்தனர். 10 சதவீத வரம்பை வகுத்து மகாராஷ்டிர அரசு ஆணையிட்டது அதற்கு முந்தைய ஆண்டு என்பது குறிப்பிடத்தக்கது. நாட்டின் வேறு எந்த ஆய்வும் சொல்லாததை அந்த இரு சிறுவர்களும் சொல்லிவிட்டார்கள். அரசு ஆணை கோப்பில் இருக்கிறது. புத்தகம் எங்கள் முதுகில் இருக்கிறது என்பதே அவர்கள் பேச்சின் சாரம்.

ஒழுங்கு வேண்டாம் என்று பிள்ளைகள் எங்கும் கேட்கவில்லை. காரணம் சொல்லப்பட்ட விதியை அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகவே பின்பற்றுகிறார்கள். விளையாட்டு மைதானத்தைப் பார்த்தால் இது விளங்கும். விக்கெட் விழுந்தால் வெளியேற வேண்டும் என்ற விதியை எதிர்த்து எந்தச் சிறுவனும் முறையிடுவதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது, அதன் காரணமும் தெரிகிறது என்பதால் ஏற்கிறான். பொறியாய் அடிக்கும் வெயிலில் கழுத்துப்பட்டை எதற்கு, பாடமே நடக்காத நாளில் அந்த நூல் எதற்கு என்று கேட்டால்தான் அவனுக்குப் பதில் கிடைப்பதில்லை.

செலவில்லாத தீர்வு

தமிழகத்தில் 2012-13-ம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை அறிமுகமானபோது, ஓராண்டுப் பாடநூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பிள்ளை ஒரு பருவத்துக்கு ஒரு பகுதியை மட்டும் சுமந்தால் போதும் என்றாயிற்று. புதிய கட்டடமோ கூடுதல் ஆசிரியர்களோ இல்லாமல், அச்சகத்தில் செய்த ஒரு மாற்றத்தாலேயே சுமை குறைந்தது. நாளைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டாம் என்று மாலையில் கரும்பலகையில் எழுதிவிடுவதற்கு அதுகூடத் தேவையில்லை. வகுப்பறையின் மூலையில் ஓர் அலமாரியும், குடிக்கத் தகுந்த தண்ணீர்க் குழாயும் இருந்தால் யஷ்பால் குழுவின் பரிந்துரையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

பையில்லா நாள் என்று மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கும் அரசு, தன்னை அறியாமல் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் அளிக்கிறது. பை இல்லாத நாள் கொண்டாட்டம் என்றால், பை உள்ள மற்ற நாட்கள் என்ன? 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான காலத்தில் பத்து நாட்கள் பையில்லாமல் வரலாம் என்கிறது. பள்ளி நடப்பதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்களுக்கு மேல்.

மாநிலங்களவையில் நாராயண் கேட்டது பத்து நாட்களையும் அல்ல, ஒரு சனிக்கிழமையையும் அல்ல. வாக்குரிமை இல்லாத, சங்கம் அமைக்க முடியாத, மனு எழுதத் தெரியாத ஒரு தரப்பின் வழக்கை, அவர்கள் சார்பில் அவையின் முன் வைப்பதாக மட்டுமே அவர் சொன்னார். அவ்வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. தேவராஜ மொஹல்லாவின் பள்ளிகளில் நாளைக் காலையும் முதல் மணி அடிக்கும். அப்போது எழுந்து நிற்கச் சொல்லப்படுபவர், வழக்கம்போல, நோட்டைக் கொண்டுவர மறந்த குழந்தையாகவே இருக்கும்.